முதல் பட்டம் விலங்கியலாக இருந்தால்தான் என்ன?

வணக்கம். என் மகன் கொழும்பில் கலைப்பீடத்தில் முதலாம் வருடம் முடிக்கப்போகிறான். பொருளியலில் ஸ்பெஷல் செய்வதா, சமூகவியலிலா என்று அடுத்த மாதம் எழுதிக் கொடுக்கவேண்டும். இரண்டு துறைகளின் விரிவுரையாளர் விபரங்களையும் பார்த்தேன். பொருளியலில் நான்கு பேராசிரியர்கள், சமூகவியலில் ஒருவர்தான். மகனுக்குப் பிடித்த சமூகவியல் மிஸ்ஸின் முதல் பட்டம் விலங்கியல். கலாநிதிப் பட்ட ஆய்வு நீர்கொழும்பு மீனவர்களின் கடனைப் பற்றியது. விலங்கியல் படித்தவர் சமூகவியல் படிப்பிக்கலாமா? மருத்துவபீடத்திலும் பலருக்குக் கலாநிதிப் பட்டம் இல்லையே? எந்தத் துறை நல்லது?
— ஒரு தகப்பன், வெள்ளவத்தை

அன்பின் ஐயா,

மகனுக்காக இரண்டு பட்டியல்களையும் வரி வரியாக வாசித்திருக்கிறீர்கள். அந்த அக்கறைக்கு என் அன்பு. ஆனால் தலைகளை எண்ணியிருக்கிறீர்கள், தடங்களைப் பார்க்கவில்லை.

மருத்துவபீடத்தை முதலில் முடித்துவிடுவோம். வார்ட்டில் நோயாளியை வைத்துப் படிப்பிக்கும் மருத்துவருக்கு, எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் எம்.டி.யும் விசேட நிபுணர் அங்கீகாரமுமே பிரதான தகுதி. கலாநிதிப் பட்டம் உடற்றொழிலியல், உயிரிரசாயனம் போன்ற துறைகளில்தான் கூடுதலாகக் காணப்படும். சட்டத்தில் முதுமாணியும் நீதிமன்ற அனுபவமும் பேசும். ஒரு பீடத்தின் அளவுகோலை இன்னொன்றின்மேல் வைக்காதீர்கள்.

நான்கு பேராசிரியர்கள் என்ற கணக்கும் உதவாது. பேராசிரியர் பதவி, விண்ணப்பித்து, புள்ளிகள் காட்டிப் பெறுவது. நன்றாகப் படிப்பிக்கும் சிரேஷ்ட விரிவுரையாளர் அதற்கு விண்ணப்பிக்காமலே இருந்திருக்கலாம். 65 வயதில் ஓய்வு. இன்று 63 வயதான பேராசிரியர், உங்கள் மகன் நாலாம் வருட ஆய்வேட்டுக்கு வரும்போது அங்கே இருக்கமாட்டார். பட்டியலில் பெயர் உள்ள இளையவர்களில் சிலர் படிப்பு விடுமுறையில் வெளிநாட்டில் இருப்பார்கள். அதைத் துறை அலுவலகத்தில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்வார்கள்.

இனி அந்த மிஸ். இங்கேதான் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவருடைய விபரத்திலேயே ஆகப் பெறுமதியான வரியை நீங்கள் குறையாக எடுத்திருக்கிறீர்கள்.

நீர்கொழும்பு இருக்கும் மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. அந்த மாதங்களில் சிறு வள்ளங்கள் பல நாட்கள் கரையில் கிடக்கும், வீட்டில் கடன் ஏறும். சமூகவியல் மட்டும் படித்தவர் கடன்காரனையும் வட்டியையும் பார்ப்பார். விலங்கியலில் இருந்து வந்தவர் இன்னொன்றையும் கேட்பார்: பிடிபாடு குறைந்தது காற்றினாலா, அல்லது குஞ்சுமீனை அள்ளி இனமே குறைந்துவிட்டதா? முதலாவது என்றால் கடன் அடுத்த பருவத்தில் இறங்கும். இரண்டாவது என்றால் இறங்காது. இரண்டுக்கும் தீர்வு வேறு. இதைப் பிரித்தறியாமல் நூறு குடும்பங்களைப் பேட்டி கண்டாலும் அரைகுறை ஆய்வுதான் மிஞ்சும். அதோடு, விலங்கியலில் களவேலை செய்தவருக்கு மாதிரி எடுக்கத் தெரிந்திருக்கும்: எத்தனை இடத்தில், எந்த மாதத்தில், எதை விட்டால் முடிவு சாயும் என்பதெல்லாம் கைப்பழக்கம். கலைப்பீட ஆய்வேடுகள் பல விழுவது அந்த இடத்தில்தான்.

துறை மாறியவரைச் சந்தேகிக்கும் இந்தப் பழக்கம் தமிழருக்கு வரவே கூடாதது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறையின் முதல் பேராசிரியர் யார்? காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர். 1943இல் அவர் பொறுப்பேற்றபோது அந்தப் பல்கலைக்கழகம் கொழும்பில்தான் இருந்தது. அவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பித்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் அவரிடம் இருந்தது. பண்டைத் தமிழிசை பற்றி அவர் எழுதி 1947இல் வெளிவந்த யாழ்நூலைத் திறந்து பாருங்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை விளக்கப் புகுந்தவர் நரம்புகளின் கணக்கைப் போடுகிறார். நரம்பை மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் நிறுத்தினால் அதிர்வு ஒன்றரை மடங்காகும், குரல் என்ற முதற்சுரத்திலிருந்து ஐந்தாவதான இளி என்ற சுரம் பிறக்கும். இது பௌதிகம். உரையாசிரியர்களை மட்டும் கற்றவருக்குச் சொற்கள் தெரியும், ஒலி எட்டாது.

தமிழ் இலக்கிய ஆய்வாளர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் யாரிடம் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார்கள்? ஜோர்ஜ் தொம்சனிடம். அவர் கிரேக்கப் பேராசிரியர். கிரேக்க வீரயுகப் பாடல்களை அறிந்தவரின் பக்கத்தில் இருந்துதான் கைலாசபதி சங்கப் பாட்டை வாய்மொழி மரபாக வாசித்தார். அதற்கு முன் கைலாசபதி தினகரன் பத்திரிகையின் ஆசிரியர். ‘பத்திரிகைக்காரர், கிரேக்கத் துறையில் ஆய்வு’ என்று ஒரு தகப்பன் அன்று அவரையும் தள்ளிவைத்திருக்கலாம்.

இன்றைய ஆட்சேர்ப்பு விளம்பரங்களில் பொதுவாக முதலில் கேட்பது அந்தந்தப் பாடத்தில் சிறப்புப் பட்டம். விஞ்ஞானப் பட்டத்தோடு ஒரு விபுலானந்தர் தமிழ்த்துறைக்கு விண்ணப்பித்தால் முதல் நிபந்தனையிலேயே நின்றுவிடுவார். இது எனக்குத் தாங்கமுடியாத விஷயம். அதே வாளை வெள்ளவத்தையில் ஒரு தகப்பனும் தூக்கவேண்டுமா?

எல்லாத் துறைமாற்றமும் நல்லதென்று சொல்லவரவில்லை. சோதிக்க வழி இருக்கிறது. மிஸ்ஸின் ஆய்வேட்டுத் தலைப்பையும் கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளின் தலைப்புகளையும் அடுத்தடுத்து எழுதுங்கள். ஒரே கேள்வி வளர்ந்து வருகிறதா? அல்லது வருடத்துக்கு ஒரு மாநாடு, மாநாட்டுக்கு ஒரு தலைப்பு என்று சிதறுகிறதா? கூட எழுதியவர்கள் எந்தத் துறையினர்? ஆய்வுகூட விஞ்ஞானங்களில் முதல் பெயர்தான் பெரும்பாலும் வேலை செய்தவர், கடைசிப் பெயர் கூடத்தின் தலைவர். கணிதத்தில் அகரவரிசைதான் வழக்கம், அங்கே பெயர் நிற்கும் இடத்தை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். வரலாறு, தமிழ் என்றால் தனி ஒருவர் எழுதுவார், சுவடிக்கூடத்தில் வருடக்கணக்காக இருந்து ஒரு நூல் வரும். ஆகவே எண்ணிக்கையைத் துறைக்குத் துறை ஒப்பிடவேண்டாம்.

பொருளியலா சமூகவியலா என்பதை மகன் முடிவுசெய்யட்டும். அவன் அந்த மிஸ்ஸிடம் போய், நீர்கொழும்பில் கடன் ஏறியது காற்றினாலா மீன் குறைந்ததாலா என்று கேட்கட்டும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதச் சொல்லுங்கள்.