ராக்கெட் இன்ஜின் செய்யலாம், பாய்லரை மட்டும் வெளியே கொடுங்கள்

கேள்வி: மன்னார்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பாலிடெக்னிக் மாணவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, 1829-இல் ஓடிய ஸ்டீவன்சனின் ‘ராக்கெட்’ நீராவி இன்ஜினை அசல் அளவிலேயே, ஓடும்படி செய்ய ஆசை. பாய்லரையும் நாங்களே வெல்டிங் செய்யலாமா? எதில் தொடங்குவது?

பதில்: தாராளமாக இறங்குங்கள். மொத்த எடையே நாலேகால் டன்தான். 8 அங்குல சிலிண்டர் உங்கள் பட்டறைக்கு எட்டுகிற வேலை. பாய்லரை மட்டும் தொடாதீர்கள்.

அது 6 அடி நீளம், 3 அடி 4 அங்குல விட்டம், உள்ளே 25 செப்புக் குழாய்கள். பின்னால் தண்ணீர் சூழ்ந்த செப்பு ஃபயர்பாக்ஸ் (நெருப்பு எரியும் அறை) தனி. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டுதானே என்று தோன்றும். பயப்பட வேண்டியது அந்த எண்ணுக்கு மட்டுமல்ல, நூறு டிகிரியைத் தாண்டிச் சூடேறி நிற்கும் நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீருக்கு. ஓர் இணைப்பு பிளந்தால் அதில் ஒரு பங்கு நொடியில் ஆவியாகி வெடிக்கும். மாணவர்கள் சுற்றி நிற்கப்போகும் இன்ஜின் இது. சட்டமும் விடாது: இந்தக் கொள்ளளவும் அழுத்தமும் கொதிகலன் சட்டத்துக்குள் வந்துவிடும். உங்கள் பக்கத்து நெல் அவியல் ஆலை பாய்லருக்குப் போலவே வரைபட ஒப்புதல், சான்றுள்ள தகடு, சான்று பெற்ற வெல்டர், கட்டும்போதே ஆய்வு, கடைசியில் நீரழுத்தச் சோதனை எல்லாம் வேண்டும். திருச்சி பெல் (BHEL) பாய்லர் ஆலையைச் சார்ந்து திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் வளர்ந்த பட்டறைகளில் விசாரியுங்கள். இந்த வேலைக்குப் பழகிய கைகள் உங்களுக்கு இவ்வளவு அருகில் இருப்பது பெரிய வசதி.

சரி, தொடக்கம். முதலில் எந்த மாதத்து ராக்கெட் என்று முடிவுசெய்யுங்கள். இங்கிலாந்தில் பாதுகாக்கப்படும் அசலை அப்படியே அளந்து செய்தால், 1829 அக்டோபரில் ரெயின்ஹில் என்ற ஊரில் நடந்த நீராவி இன்ஜின் போட்டியில் வென்ற இன்ஜின் வராது. போட்டியில் சிலிண்டர்கள் நல்ல சரிவாகச் சாய்ந்திருந்தன. பிறகு அவற்றை ஏறக்குறையப் படுக்கை நிலைக்கு இறக்கிவிட்டார்கள். நான் அந்த அக்டோபர் வடிவத்தையே எடுப்பேன்.

அப்புறம் சட்டகம், சக்கரம், சிலிண்டர், வால்வு. பெரிய சக்கரம் 4 அடி 8½ அங்குலம், ஆரங்கள் மரம். தேர்ச் சக்கரமும் வண்டிச் சக்கரமும் செய்த ஆசாரி ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் கோக்கும் பக்குவத்தை அவரிடம் மாணவர்கள் கற்கட்டும். விளிம்புள்ள இரும்புப் பட்டா சாதாரண லேத்தில் ஏறாது, வெர்டிகல் டர்னிங் மெஷின் உள்ள இடத்தில் கடைந்து வாங்குங்கள். கல்லூரிப் பாடத்தில் வரும் ஸ்டீவன்சன் லிங்க் வால்வு அமைப்பைப் பொருத்திவிடாதீர்கள், அது 1840-களில் வந்தது. ராக்கெட்டில் வால்வை இயக்குவது அச்சின் மேல் நகரும் எக்சென்ட்ரிக் (மையம் விலகிய வட்டு)தான்.

பாய்லர் வருவதற்கு முன்பே இன்ஜினைக் கட்டைமேல் தூக்கி வைத்து, கம்ப்ரஸர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் நேராக சிலிண்டருக்கு விட்டு ஓட்டிப் பாருங்கள். வால்வு நேரம் தப்பியிருந்தால் சத்தத்திலேயே தெரியும். இந்த நிலை வரை வந்தாலே நல்ல காட்சிப்பொருள் கையில் இருக்கும். பாய்லருக்குப் பணம் திரட்டவும் அது உதவும்.

தண்டவாள இடைவெளி 4 அடி 8½ அங்குலம். நம் அகல ரயில் பாதையிலும் பழைய மீட்டர் கேஜிலும் நிற்காது, சொந்தமாகத்தான் போட வேண்டும். டெல்டா களிமண் மழையில் ஊதி வெயிலில் வெடிக்கும்; மேல்மண்ணை அகற்றிச் சரளை நிரப்பி, இருபுறமும் வடிகால் விடுங்கள். பாய்லருக்கு உப்பு ஏறிய போர் தண்ணீர் ஆகாது. மழைநீரைச் சேமித்து, சோதித்து ஊற்றுங்கள்.