குட்டியின் கழுத்து வீக்கம்: கவனிக்க வேண்டியது சினை ஆட்டை

கேள்வி: இந்த ஈற்றில் மூன்று குட்டிகள் கழுத்து வீக்கத்தோடு பிறந்தன. உடம்பில் முடியே இல்லாத மாதிரி இருக்கிறது, எழுந்து பால் குடிக்கவும் தெம்பில்லை. ஒன்று இறந்துவிட்டது. தாய் ஆடுகள் சினையாக இருந்தபோது கடுகுப் பிண்ணாக்கும் சவுண்டல் தழையும்தான் அதிகம் தின்றன. என்ன குறை?

பதில்: வீக்கமும் முடியின்மையும் சேர்ந்திருப்பதால் இது அயோடின் குறையால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வீங்கும் தைராய்டு கழலையாகவே தோன்றுகிறது. இந்தச் சுரப்பி சுரக்கும் தைராக்சின் ஹார்மோனின் ஒரு மூலக்கூறில் 4 அயோடின் அணுக்கள் உண்டு. அயோடின் கிடைக்காவிட்டால் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைத் தூண்டிக்கொண்டே இருக்கும். சுரப்பி பெருக்கும், ஹார்மோன் மட்டும் போதிய அளவு வராது.

வயிற்றிலிருக்கும் குட்டிக்கு எலும்பு நீள, முடி முளைக்க, நுரையீரல் முதிர, மூளை வளர இந்த ஹார்மோன் வேண்டும். பிறந்ததும் உடம்புச் சூட்டைக் காப்பதும் இதுதான். வளர்ச்சி ஹார்மோன் இருந்தாலும், தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது முழுதாக வேலை செய்யாது. உடம்பு பெருப்பது வேறு, முதிர்வது வேறு. 1912இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு சுரப்பியை உணவாகக் கொடுத்தபோது, அவை பெரிதாக வளராமலே சீக்கிரம் தவளையாக உருமாறின.

இனி தீவனம். கடுகுப் பிண்ணாக்கிலும் சவுண்டலிலும் தைராய்டு வேலையைக் கெடுக்கும் பொருட்கள் உண்டு. சவுண்டலில் உள்ள மைமோசின் இரைப்பையில் உடைந்து, ஹார்மோன் உருவாவதையே தடுக்கும். அங்கே அயோடினைக் கூட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது. அதனால் சினை ஆட்டுக்கு இவை இரண்டையும் நிறுத்திவிடுங்கள். மரவள்ளி இலையும் வேண்டாம்.

இருக்கிற குட்டிகளைக் கதகதப்பாக வைத்து, சீம்பாலைக் கறந்தாவது புகட்டுங்கள். அயோடின் மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில்தான் தர வேண்டும், மிகுந்தால் அதுவும் நஞ்சு. கழலை வற்றலாம், முடியும் வளரலாம். வயிற்றிலேயே விட்டுப்போன மூளை வளர்ச்சியை மட்டும் பிறகு ஈடுகட்ட முடியாது.

கழுத்தில் வீக்கம் கண்டாலே கழலை என்று முடிவு கட்டாதீர்கள். கொழுகொழுவென்று வளரும் குட்டிக்கு, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி கழுத்தில் புடைத்திருக்கலாம், அது தானாகவே வற்றும். தாடைக்கடியில் கொழகொழவென்று தொங்கி, கண் இமையின் உட்புறமும் வெளுத்திருந்தால் குடற்புழுவைச் சந்தேகியுங்கள்.

அடுத்த சினைக்கு, ஆடு சேர்வதற்கு முன்பிருந்தே அயோடின் உள்ள தாது உப்புக் கலவையைக் கொடுங்கள். ஒரு கிலோ உலர் தீவனத்துக்குச் சுமார் 0.5 மில்லிகிராம், பால் தரும் ஆட்டுக்கு 0.8 மில்லிகிராம் அயோடின் தேவை. கலவையை மழையில் நனைய விடாதீர்கள், நனைந்தால் அயோடின் கரைந்து போய்விடும்.