கூடுதல் சான்றிதழ்களை இணைத்தால் கல்லூரியில் இடம் கிடைக்க உதவுமா?

பிளஸ் டூ படிக்கும் மகனின் கராத்தே, அபாகஸ், ஓவியப் போட்டிச் சான்றிதழ்களைக் கல்லூரி விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்று அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டதாகவும், குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளை அவன்தான் என்றும் கூடவே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான்.

நான் சேரன்மகாதேவிப் பக்கத்தில் ஆசிரியராக இருந்தவன். ஒவ்வொரு மே மாதமும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன்.

பொறியியல் கலந்தாய்வுக்கு அந்தச் சான்றிதழ்களால் பயனில்லை. 2007 முதல் தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடும் கட்ஆஃப்தான் தரவரிசை. இருவர் சமமாக வந்தால் கணித மதிப்பெண்ணை முதலில் பார்ப்பார்கள். எல்லாம் சமமாகவே போனால் பிறந்த தேதி, குலுக்கல்போலக் கணினி தரும் சமவாய்ப்பு எண் என்று கடைசிவரை போகும். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்கும் இதுதான் வழி. விளையாட்டுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் வென்றதாகவும், அவர்கள் கேட்கும் படிவத்திலும் இருக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் கொடுத்த பெல்ட் சான்றிதழ் அங்கே செல்லாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் பெரிய பிளாஸ்டிக் கோப்போடு வந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள், எல்லாம் லேமினேஷன் செய்தவை. பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில் கட்டிய நுழைவுக் கட்டணங்கள் அவை. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். முதல் பட்டதாரி சான்றிதழ் மட்டும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதையே யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கல்விக் கட்டணச் சலுகை தரக்கூடிய தாள் அது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று அலைந்து, கடைசி நாளுக்கு முந்தைய மாலையில் வாங்கினோம். அன்று அவர் முகத்தில் இருந்த பதற்றத்தை இன்னும் நான் மறக்கவில்லை.

மனிதர் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படிக்கும் இடங்களும் இருக்கின்றன. கட்டுரையும் நேர்காணலும் வைக்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் சில, வெளிநாட்டில் பல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாணவர் தம் கையால் செய்த பொருள்களைக் காட்டுவதற்கென்றே தனிப் பகுதி உண்டு. அங்கே கூடுதலாக அனுப்புவதற்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் அனுப்புவது ஒன்றாக இருக்கட்டும், அது முழுக்கப் பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

பத்தமடையிலிருந்து ஒரு மாணவி அப்படியொரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். பேச்சுப் போட்டி, விநாடி வினா என்று பதினான்கு சான்றிதழ்கள் கொண்டுவந்தாள். வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்டேன். அம்மாவோடு பாய் நெய்வேன் சார் என்றாள். மணமக்கள் பெயர் நெய்யும் கல்யாணப் பாய். பதினான்கையும் எடுத்து வைத்துவிட்டு, ஆறு புகைப்படங்களும் ஒரு பக்கக் குறிப்பும் போதும் என்றேன். ஒரு படத்தில் பெயரின் 'ழ' கோணலாக விழுந்திருந்தது. அதைச் சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சினாள். அந்த எழுத்தைச் சரிசெய்ய எத்தனை கோரையை உருவினாய் என்று கேட்டேன். ஒரு முழு நாள் வேலையைப் பிரித்ததாகச் சொன்னாள். அதையே எழுதச் சொன்னேன்.

நேர்காணலில் பெரும்பகுதி அந்த 'ழ'வைப் பற்றித்தான் கேட்டார்களாம். இடம் கிடைத்தது. பாயினால் மட்டுமே கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். நல்ல மதிப்பெண்ணும் வைத்திருந்தாள். ஆனால் பதினான்கு சான்றிதழ்களில் எதைப் பற்றியும் அவளால் அவ்வளவு நேரம் பேசியிருக்க முடியாது.

உங்கள் மகன் ஓவியம் வரைவதாக எழுதியிருக்கிறீர்கள். நுண்கலை, வடிவமைப்புப் படிப்புகளை அவன் நினைத்தால், போட்டிச் சான்றிதழை விட்டுவிட்டு அவன் வரைந்த படங்களைப் பத்திரப்படுத்துங்கள். பொறியியல்தான் என்றால் இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அவன் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. இடையில் பள்ளி மாறியிருந்தால், பழைய பள்ளியின் தலைமை ஆசிரியரிடமும் படிப்புச் சான்று வாங்க வேண்டும். விடுமுறை விட்டுவிட்டால் அவரைப் பிடிப்பது கடினம், ஏப்ரலிலேயே போய்விடுங்கள்.