மலை ஏன் 80 மீட்டர் தள்ளி நிற்கிறது?

கேள்வி: விளையாட்டு ஒன்றுக்காக அமெரிக்காவின் ஏரியா 51 விமானத்தளத்தையும் சுற்றியுள்ள மலைகளையும் முப்பரிமாணத்தில் உருவாக்குகிறேன். யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம்) வெளியிட்ட பழைய டோப்போ ஷீட்டை, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்து மேடு பள்ளம் காட்டும் வரைபடத்தை, நான்கு மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தேன். முகடுகள் எல்லாம் கிழக்கே தள்ளி விழுகின்றன. தளத்தை ஒட்டிய க்ரூம் ஏரிக்குள் ஒரு கோடுகூட இல்லை. ஷீட் தப்பா?

பதில்: ஷீட் சரிதான். அடி ஓரத்தில் பொடி எழுத்தில் '1927 வட அமெரிக்க டேட்டம்' என்று இருக்கிறதா பாருங்கள். டேட்டம் என்பது அட்சரேகை, தீர்க்கரேகையை எங்கிருந்து, எப்படி அளப்பது என்ற அடிப்படைக் கணக்கு. கன்சாஸில் உள்ள மீட்ஸ் ராஞ்ச் என்ற புள்ளியை ஆதாரமாக வைத்து, நிலத்திலேயே முக்கோணம் முக்கோணமாக அளந்து போன கணக்கு அது. செயற்கைக்கோள் படமோ பூமியின் மையத்தை ஆதாரமாகக் கொண்டது. இரண்டுக்கும் தெற்கு நெவாடாவில் சுமார் 80 மீட்டர் வித்தியாசம். ஷீட்டில் உள்ள யுடிஎம் கட்டங்களை (இடத்தை மீட்டரில் சொல்லும் கட்டங்கள்) வைத்துப் பொருத்தியிருந்தால் தெற்கேயும் ஏறக்குறைய 200 மீட்டர் நழுவியிருக்கும். நல்லவேளை, நீங்கள் அதைச் செய்யவில்லை.

தயவுசெய்து மவுஸால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள். இன்றைக்குப் பொருந்தினாலும், அடுத்த ஷீட்டைச் சேர்க்கும்போது மறுபடி இடிக்கும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஷீட்டின் டேட்டம் 1927 என்று அறிவித்துவிடுங்கள், மாற்றுவதை அது பார்த்துக்கொள்ளும்.

ஏரிக்கு வருவோம். க்ரூம் ஏரி என்பது தண்ணீரில்லாத உப்புப் படுகை, தரை கிட்டத்தட்ட தட்டை. ஒரு சம உயரக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் படுகை முழுவதும் அடங்கிவிடுவதால் உள்ளே கோடு வராது. 1955இல் யு-2 உளவு விமானத்தைச் சோதிக்க அந்த இடம் தேர்வானதற்கு இந்தத் தட்டைத் தரையும் ஒரு காரணம். நீங்களும் தட்டையாகவே விடுங்கள். கோடுகளில் உள்ள எண்கள் பெரும்பாலும் மீட்டரில் அல்ல, அடிக்கணக்கில் இருக்கும். ஏரித்தரையின் 4,400 அடியை மீட்டராக உள்ளிட்டால் உங்கள் ஓடுபாதை எவரெஸ்டில் பாதி உயரத்துக்குப் போய்விடும்!

கோடுகளை வரைந்து எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. யுஎஸ்ஜிஎஸ் இலவசமாகத் தரும் உயரத் தரவு போதும், அதில் சுமார் 10 மீட்டருக்கு ஒரு புள்ளி இருக்கும். அதில் கட்டடங்கள் இருக்காது, படத்தைப் பார்த்து நீங்களே நிறுத்த வேண்டும்.

தளத்துக்குக் கிழக்கே உள்ள டிகாபூ சிகரத்திலிருந்து தளத்தைப் பார்க்கும் காட்சி வைப்பதாக இருந்தால் ஒன்று: தூரம் சுமார் 42 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் பூமியின் வளைவு மட்டுமே ஏறக்குறைய 138 மீட்டர் இறக்கம் தரும். அதைக் கழிக்காவிட்டால், நிஜத்தில் நடுக்குன்றுகள் மறைக்கும் இடம்கூட உங்கள் விளையாட்டில் தெரியும்.