ஹேமக்கில் முதுகு குளிர்கிறதா? மேட் வாங்குவது பற்றிக் கேள்வி பதில்

மலைக் குளிர் தொடங்கும் நேரம் இது. ஹேமக்கில், அதாவது இரண்டு மரத்துக்கு நடுவே கட்டும் துணித் தூளியில், தூங்குபவர்கள் பலர் ஒரே விஷயத்தைப் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். கீழே விரிக்கும் மேட் எது, எவ்வளவு கனம், எவ்வளவு அகலம் என்பதுதான் அது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கோவை நண்பர்: அண்ணா, 5 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். கோத்தகிரியில் ஒரு எஸ்டேட் கேம்ப்பில் ஹேமக் கட்டிப் படுத்தேன். குளிர் 10 டிகிரிதான் இருக்கும். மேலே வேர்க்கிறது, முதுகு விறைக்கிறது. பேக் டூப்ளிகேட்டா?

பேக் நல்ல பேக்காகவே இருக்கலாம் தம்பி. ஸ்லீப்பிங் பேக் சூடு தருவதில்லை. உங்கள் உடம்புச் சூட்டைப் பஞ்சுக்குள் அடைபட்ட காற்று பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் மேலே படுத்ததும் முதுகுக்கு அடியில் உள்ள பஞ்சு நசுங்கிவிடுகிறது. காற்று போனால் அது வெறும் இரண்டு துணி. தரையில் படுத்தால் மண்ணாவது கொஞ்ச நேரத்தில் உங்கள் சூட்டை வாங்கிக்கொண்டு சற்று அடங்கும். ஹேமக்கில் அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது, வாங்கிய சூட்டை உடனே கொண்டுபோய்விடும். அதனால்தான் 20 டிகிரியிலேயே சிலருக்கு முதுகு ஜில்லிடத் தொடங்குகிறது.

இன்னொன்று. பேக்கில் போட்டிருக்கும் அந்த டிகிரிக் கணக்கை ஆய்வகத்தில் அளக்கும்போது, ஆள் வடிவப் பொம்மையை ஒரு மேட்டின் மேல் கிடத்தித்தான் அளக்கிறார்கள். மேட் இல்லாமல் படுப்பவருக்கு அந்த எண் பொருந்தாது.

ஓசூர் அக்கா ஒருவர்: ஆர் மதிப்பு என்று எல்லா மேட்டிலும் போடுகிறார்கள். ஊட்டிக்கு எவ்வளவு வேண்டும்?

ஆர் மதிப்பு என்பது சூடு கடந்து போவதை அந்த மேட் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண். கூடக் கூட நல்லது. முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளந்து போட்டது. 2018-இல் ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்ற பொது அளவுமுறை வந்தது. அதன்படி அளந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். விலை மலிவான மேட்டுகளில் அந்தப் பெயர் இல்லாமல் எண் மட்டும் இருந்தால் பாதியை நம்புங்கள்.

என் கணக்கு இது: 15 டிகிரிக்கு மேல் ஆர் 1 முதல் 1.5 போதும். 10 டிகிரிக்கு 2. ஐந்துக்கு 3. உறைபனி விழும் இடம் என்றால் 4-க்குக் குறையாமல் இருக்கட்டும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் புல்லில் வெள்ளையாக உறைபனி கிடக்கும். அந்த மாதங்களில் 4 வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் 2 போதும். குளிர் அதிகம் பிடிக்கும் உடம்பு என்றால் ஒரு படி கூட்டுங்கள்.

இரண்டு மேட்டை ஒன்றின் மேல் ஒன்று போட்டால் இரண்டு எண்களையும் அப்படியே கூட்டிக்கொள்ளலாம். 2-ம் 1.5-ம் சேர்ந்தால் 3.5. ஹேமக்காரர்களுக்கு இது பெரிய வசதி. ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

பெங்களூர் நண்பர்: ஆர் 4.5 உள்ள விலை உயர்ந்த காற்று மேட் வாங்கியும் தோள் குளிர்கிறது சார். காசு வீணா?

மேட் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடும் இடம் இதுதான். ஆர் மதிப்பை இரண்டு தட்டையான பலகைகளுக்கு நடுவே மேட்டை வைத்து அளக்கிறார்கள். தரையில் உங்கள் முதுகு மட்டும்தான் கீழே படுகிறது. ஹேமக்கில் துணி இரண்டு பக்கமும் எழும்பி உங்கள் தோளையும் கையையும் அணைத்துப் பிடிக்கிறது, தூளியில் குழந்தையைப் போட்டது மாதிரி. அதாவது தோளின் வெளிப்பக்கத்திலும் பேக்கின் பஞ்சு நசுங்குகிறது. சாதாரண மேட்டின் அகலம் 51 சென்டிமீட்டர். வளர்ந்த ஆளின் தோளுக்கு அது தரையிலேயே இறுக்கம்தான். ஹேமக்கில் இரண்டு தோளும் மேட்டுக்கு வெளியே, வெறும் நைலான் துணியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். நடுவில் ஆர் 7 இருந்தாலும் அந்த இடத்தில் ஆர் சைபர்.

ஆகவே ஹேமக்குக்கு வாங்கும்போது முதலில் அகலத்தைப் பாருங்கள், எண்ணை அப்புறம் பார்க்கலாம். 64 சென்டிமீட்டர் அகலத்தில் கிடைத்தால் அதை எடுங்கள். ஏற்கெனவே 51 வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப் போட வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் சாதாரண ஃபோம் ஷீட் வாங்கி, நீளம் ஒரு மீட்டர், அகலம் அரை மீட்டராக ஒரு துண்டு வெட்டுங்கள். அதைத் தோள் வரும் இடத்தில் மேட்டுக்கு அடியில் குறுக்கே போடுங்கள். இரண்டு பக்கமும் கால் மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும், படுத்ததும் துணியோடு சேர்ந்து எழும்பித் தோளை மூடும். முதுகுக்கு நடுவில் இரண்டு அடுக்கு ஆகிவிடுவதால் அங்கேயும் மதிப்பு கூடும். நகராமல் இருக்க இரண்டு எலாஸ்டிக் பட்டை தைத்து மேட்டோடு பிணைத்துவிடுங்கள். இதையே பைகள் வைத்துத் தைத்த உறையாகவும் விற்கிறார்கள். கத்தியும் டெய்லர் கடையும் இருக்கும்போது அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதே நண்பர்: காற்று மேட் நடுவில் வாழைப்பழம் மாதிரி வளைந்து என்னைத் தள்ளிவிடுகிறதே?

முழுக்க ஊதியிருப்பீர்கள். பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு ஊதுங்கள். படுத்த பிறகு வால்வைத் திறந்து, இடுப்பு துணியின் வளைவுக்கு இறங்கும் வரை காற்றை விடுங்கள். ஹேமக்கில் மென்மைக்காக மேட் தேவையில்லை, துணியே மென்மைதான். அதனால் 8, 10 சென்டிமீட்டர் கனமான மேட்டுக்குக் காசு கொடுப்பது இங்கே பயன் தராது. நேராகப் படுக்காமல் சற்றுக் கோணலாக, தலை ஒரு பக்கம் கால் மறுபக்கம் என்று படுத்தால் முதுகும் சமமாகும். கால்பக்கம் குறுகிக்கொண்டே போகும் மேட் என்றால் கோணலாகப் படுக்கும்போது பாதம் வெளியே போய்விடும். செவ்வகமாக உள்ளதை எடுங்கள்.

திண்டுக்கல் நண்பர்: பட்ஜெட் குறைவு. யோகா மேட், பத்தமடைப் பாய், பவானி ஜமக்காளம், கம்பளி, இதில் எது உதவும்?

யோகா மேட் உதவும். 10 மில்லிமீட்டர் கனம் உள்ளதாகப் பாருங்கள். 4 மில்லிமீட்டர் ரப்பர் மேட்டில் எடைதான் இருக்கும், குளிரைத் தடுக்காது. ஆனால் அதைவிட நல்லது, மலையேறுகிறவர்கள் பையின் வெளியே சுருட்டிக் கட்டியிருக்கும் ஃபோம் மேட். டெக்கத்லான் போன்ற கடைகளிலேயே கிடைக்கும். தண்ணீர் உறிஞ்சாத நல்ல ஃபோம் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு ஆர் 1.5-க்குச் சற்றுக் குறைவாகத் தரும். சோஃபா கடையில் கிடைக்கும் மஞ்சள் ஸ்பாஞ்ச் வேண்டாம். அது நசுங்கும், ஈரத்தைக் குடிக்கும்.

கோரைப்பாயின் இடுக்கு வழியே காற்று வரும். வீட்டுத் தரைக்கு அதைவிட நல்லது கிடையாது, ஹேமக்குக்கு ஆகாது. ஜமக்காளமும் கம்பளியும் நசுங்கும். கம்பளியை மேலே போர்த்திக்கொள்ளுங்கள்.

மதுரை நண்பர்: கார் கண்ணாடியில் வைக்கும் வெள்ளி ஷீட் போதும் என்கிறார்களே?

ஏற்காடு, ஏலகிரிக்குப் போதும். அதில் வேலை செய்வது பெரும்பாலும் உள்ளே இருக்கும் குமிழ்களில் அடைபட்ட காற்றுதான். பளபளப்பு கதிர்வீச்சைத் திருப்பி அனுப்ப, உடம்புக்கும் அதற்கும் நடுவே இடைவெளி வேண்டும். அதன் மேலேயே படுத்துவிட்டால் இடைவெளி ஏது? ஃபோமுக்கு அடியில் கூடுதலாகப் போட்டால் கொஞ்சம் லாபம். தனியாக அதை நம்பி ஊட்டிக்குப் போகாதீர்கள்.

டொரொண்டோ நண்பர்: அண்ணை, செப்டம்பர் கடைசியில் அல்கொன்குவின் பார்க்குக்குப் போகிறோம். என்னிடம் இஸட் லைட் சோல் ஃபோம் மேட் ஒன்று இருக்கு. காணுமோ?

காணாது. செப்டம்பர் கடைசியில் அங்கே இரவு பூச்சியத்துக்கு அருகே இறங்கக்கூடும். இஸட் லைட் சோலின் ஆர் மதிப்பு 2.0, அகலம் அதே 51 சென்டிமீட்டர். அதன் மேல் 4 அளவில் ஒரு காற்று மேட்டைப் போட்டால் நடுப்பகுதிக்கு 6 வந்துவிடும். தோளுக்கு மேலே சொன்ன குறுக்குத் துண்டு கட்டாயம். ஆனால் அங்கே ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் போவதென்றால் அண்டர்குவில்ட் வாங்குவதே சரி. ஹேமக்குக்கு வெளியே அடிப்பக்கமாகத் தொங்கும் மெத்தை அது. உங்கள் எடை அதன் மேல் விழாததால் பஞ்சு நசுங்காது, தோளையும் தானாகவே மூடும். மேட்டையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். மரம் சரியாக அமையாத இடத்தில் தரையில் படுக்க வேண்டி வந்தால் அண்டர்குவில்ட் உதவாது.

சேலம் நண்பர்: அப்படியானால் எல்லோருமே அண்டர்குவில்ட் வாங்கிவிடலாமே?

வசதி என்று பார்த்தால் அதுதான் முதல். விலையும் அதிகம், நம் ஊரில் கிடைப்பதும் அரிது. ஆண்டுக்கு ஓரிரு முறை போகிறவருக்கு ஃபோம் மேட்டே நியாயமான செலவு. பள்ளத்தாக்கில் காற்று வீசும் இரவில் அண்டர்குவில்ட்டும் ஹேமக்கும் ஒட்டாமல் இடுக்கு விழுந்தால் அதுவும் குளிரும். வாங்குவதாக இருந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரத்துக்கு இறகு வைத்ததைவிடச் செயற்கைப் பஞ்சு நல்லது.

திருச்சி நண்பர்: இரவு முழுக்க மேட் வழுக்கிக்கொண்டே போகிறது.

இரண்டு அடுக்குத் துணி உள்ள ஹேமக் வாங்கி, நடுவில் மேட்டைச் செருகுங்கள், தீர்ந்தது. வாங்கும்போது கவனம்: இணையக் கடைகளில் ‘டபுள்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் இரண்டு பேர் படுக்கும் அகலத்தைத்தான் குறிக்கும், இரண்டு அடுக்கை அல்ல. ஒற்றை அடுக்குதான் இருக்கிறது என்றால், ஸ்லீப்பிங் பேக் சற்று அகலமானதாக இருந்தால் மேட்டைப் பேக்குக்கு உள்ளேயே வையுங்கள். அல்லது மேட்டின் அடிப்பக்கம் சிலிகான் பசையால் பொட்டுப் பொட்டாக வைத்து ஒரு நாள் காயவிடுங்கள். ஃபோம் மேட்டின் நான்கு மூலையையும் வட்டமாக வெட்டிவிட்டால் துணியில் இன்னும் நன்றாகப் படியும்.

கொடைக்கானல் நண்பர்: காலையில் எழுந்தால் முதுகு நனைந்திருக்கிறது. மழை ஒழுகுகிறதா?

உங்கள் வியர்வைதான். ஃபோமும் சரி, காற்று மேட்டும் சரி, ஈரத்தை வெளியே விடாது. பருத்தி பனியனோடு படுத்தால் அது ஊறி விடியற்காலையில் ஜில்லிடும். பாலியஸ்டர் டி-ஷர்ட் போடுங்கள், மேட்டின் மேல் மெல்லிய ஃப்ளீஸ் துணி விரியுங்கள், படுத்த முதல் ஒரு மணி நேரம் பேக்கின் ஜிப்பைத் திறந்து வையுங்கள். காற்று வரும் பக்கம் தார்ப்பாயைத் தாழ்த்திக் கட்டினால் மெல்லிய மேட்டே போதுமானதாகிவிடும். அப்போது வியர்வையும் குறையும்.

தூத்துக்குடி நண்பர்: எங்கள் பக்கம் குளிரே இல்லை. மேட் எதற்கு?

கொசுவுக்கு. மேலே வலை கட்டிவிட்டு நிம்மதியாகப் படுப்பீர்கள். அது கீழே வந்து, இறுக்கமாக ஒட்டியிருக்கும் ஒற்றை நைலான் துணி வழியாகவே முதுகில் கடிக்கும். மெல்லிய ஃபோம் ஷீட் அதைத் தடுக்கும். வேர்ப்பது பிடிக்காவிட்டால் இரண்டு அடுக்கு ஹேமக்.

பொள்ளாச்சி நண்பர்: வால்பாறைக் காட்டுக்குள் இரவு கட்டிப் படுக்க எந்த மேட்?

எந்த மேட்டும் வேண்டாம். அங்கே யானையும் சிறுத்தையும் நடமாடுகின்றன. அனுமதியில்லாமல் வனத்துக்குள் இரவு தங்குவது குற்றமும்கூட. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கே விதிமுறைகள் வந்துவிட்டன. அனுமதி பெற்ற கேம்ப், தெரிந்தவர் எஸ்டேட், அங்கே நிற்கும் சில்வர் ஓக் மரம், இவை போதும். சோலை மரத்தில் கட்ட வேண்டாம். எந்த மரமானாலும் கயிறு கூடாது, ஐந்து சென்டிமீட்டர் அகலப் பட்டை போடுங்கள்.

சென்னை நண்பர்: கிளம்பும் முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

சென்னையில் குளிரைச் சோதிக்க முடியாது, மற்றதெல்லாம் முடியும். மொட்டை மாடியில் கான்கிரீட் தூண் இருந்தால் கட்டுங்கள். கைப்பிடிச் சுவரையும் தண்ணீர்த் தொட்டிக் குழாயையும் நம்பாதீர்கள். உட்காரும் இடம் நாற்காலி உயரத்துக்கு மேல் போக வேண்டாம். நடுவில் உட்கார்ந்து, மேட்டை முதுகுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, பிறகு காலைத் தூக்குங்கள். ஒரு மணி நேரம் புரண்டு படுத்துவிட்டு இரண்டு தோளையும் கையால் தடவிப் பாருங்கள். விரலுக்கு ஃபோம் தட்டுப்படாமல் வெறும் துணி தட்டுப்பட்டால், குறுக்குத் துண்டை வெட்டிய பிறகு கிளம்புங்கள்.