வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு மாத்திரை: கேள்விகளும் பதில்களும்

என் 15 வயது மகளுக்கு ஃப்ளூக்செட்டின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாத்திரையே தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் என்று படித்தேன். கொடுப்பதா, வேண்டாமா டாக்டர்?

நீங்கள் படித்தது கட்டுக்கதை அல்ல. 2004இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த வகை மருந்துகளின் விவரக் குறிப்பில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையைப் போடச் சொன்னது. 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மருந்து எடுத்த பிள்ளைகளில் 100க்கு 4 பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ தென்பட்டிருந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 2 பேர். அந்த ஆய்வுகளில் யாரும் தற்கொலையால் இறக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சிகிச்சை பெறாத மனச்சோர்வும் ஆபத்துதான்.

ஆகவே கொடுக்கலாம், ஆனால் கொடுத்துவிட்டுக் கவனிக்காமல் இருக்கக்கூடாது. முதல் சில வாரங்களும் டோஸ் மாற்றும் நாட்களும்தான் முக்கியம். இருப்புக்கொள்ளாமல் அங்கும் இங்கும் நடப்பது, ராத்திரி தூக்கமே வராதது, தொட்டதற்கெல்லாம் சீறுவது, இப்படி ஏதாவது புதிதாகத் தெரிந்தால் அடுத்த செக்கப் வரை பொறுக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 'செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மாத்திரை அட்டை உங்கள் கையிலேயே இருக்கட்டும், தாத்தா பாட்டியின் மாத்திரைகளும்தான்.

பத்து நாளாகிறது, வயிற்றைப் பிரட்டுவதுதான் மிச்சம். டோஸ் போதவில்லையோ?

குமட்டலும் தலைவலியும் முதலில் வரும், பலன் பின்னால்தான் வரும். சரியாகத் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். பெரும்பாலும் 10 மி.கி.யில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள், நீங்களாகக் கூட்டாதீர்கள். சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் பிரட்டல் குறையும். முன்னேற்றம் பிள்ளைக்குத் தெரிவதற்கு முன் வீட்டாருக்குத் தெரிவதும் உண்டு: சொல்லாமலே குளிக்கப் போவான், போன் வந்தால் எடுத்துப் பேசுவான்.

கவுன்சலிங் மட்டும் போதாதா?

லேசான மனச்சோர்வுக்கு அதுவே முதல் வழி, மாத்திரை வேண்டாம். நடுத்தரமோ தீவிரமோ என்றால் கதை வேறு. 12 முதல் 17 வயதுள்ள 439 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. 12 வாரத்தில் மாத்திரையும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சையும் சேர்ந்து பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் நன்கு தேறினார்கள். மாத்திரை மட்டும் என்றால் 61, சிபிடி மட்டும் என்றால் 43, போலி மாத்திரைக்கு 35. அந்த 35ஐயும் கவனியுங்கள்: அக்கறையாக யாராவது தொடர்ந்து பார்த்துக்கொள்வதற்கும் பலன் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

அண்ணனுக்கு நன்றாகக் கேட்ட அமிட்ரிப்டிலின் என்ற பழைய வகை மனச்சோர்வு மாத்திரை வீட்டில் இருக்கிறது. என் மகனுக்குக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. பிள்ளைகளின் மனச்சோர்வுக்கு அது பெரிதாகப் பலன் தருவதில்லை. அளவு மீறினால் இதயத்தைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும். இந்த வயதினருக்கு அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்டது ஃப்ளூக்செட்டின்தான். எஃப்.டி.ஏ. அனுமதிப்படி மனச்சோர்வுக்கு அதை 8 வயது முதலும், அதே வகை மருந்தான எஸ்சிட்டலோபிராமை 12 வயது முதலும் தரலாம்.

எனக்கு வயது 17. மூன்று மாதமாக எடுக்கிறேன், இப்போது நன்றாக இருக்கிறது. அடிமையாகிவிடுவேனோ என்று பயம். நிறுத்தட்டுமா?

தேறியதில் சந்தோஷம் தம்பி. போதைப்பொருள் போல ஏங்க வைக்கும் மருந்தில்லை இது. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், ஷாக் அடித்தது போன்ற உணர்வு வரலாம். உடலைவிட்டு மெதுவாக வெளியேறும் ஃப்ளூக்செட்டினில் இந்தத் தொந்தரவு குறைவு. அதைவிட, சீக்கிரம் விட்டால் மனச்சோர்வு திரும்ப வரும் என்பதுதான் என் கவலை. நன்றாகத் தேறிய பிறகும் 6 முதல் 12 மாதம் தொடரச் சொல்வோம். அப்புறம் தேர்வு நெருக்கடி இல்லாத சமயமாகப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்கலாம்.

இன்னொன்று. தூங்காமலே உற்சாகம் பொங்கி, பேச்சும் யோசனையும் கட்டுக்கடங்காமல் ஓடினால் அது 'நன்றாக இருப்பது' அல்ல. மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இருமல் மருந்து வாங்கும்போது, இந்த மாத்திரையோடு ஒத்துப்போகாத டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ளதைத் தவிருங்கள். ஒரு நாள் மாத்திரை மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள், வழக்கமான ஒன்று போதும்.