காசநோய்க்கு மலைக்காற்று தேவையா? ஆராய்ச்சிப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: டாக்டர் ஐயா, நாங்கள் சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். என் கணவருக்கு 38 வயது, விசைத்தறி ஓட்டுகிறார். இரண்டு மாதமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், ஆளும் இளைத்துவிட்டார். சளியைப் பரிசோதித்துக் காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது நாளாகச் சாப்பிடுகிறார். எங்கள் வீடு ஒரே அறைதான். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 4. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கும் நாத்தனார், "மலைக்காற்று பட்டால் சரியாகிவிடும், பிள்ளைகளுக்கும் ஒட்டாது, ஆறு மாதம் இங்கே அனுப்பு" என்கிறார். இதற்கு நடுவில் மருத்துவமனையில் ஏதோ ஆராய்ச்சியில் சேரச் சொல்லி ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். இவர் மேல் எதையாவது போட்டுப் பார்ப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: மலைக்கு அனுப்ப வேண்டாம் அம்மா. வீட்டிலேயே இருக்கட்டும்.

உங்கள் நாத்தனார் அக்கறையோடுதான் சொல்கிறார். எழுபது வருடத்துக்கு முன்னால் பெரிய பெரிய டாக்டர்களும் இதையேதான் சொன்னார்கள். நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு, குடும்பத்தை விட்டுத் தனியாக ஒரு சானடோரியம், அதாவது காசநோயாளிகள் மாதக்கணக்கில் தங்கும் மருத்துவமனை. காசநோய் வைத்தியம் என்றால் அப்போது அதுதான். ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ கொஞ்சம்தான். இடம் கிடைக்காதவர்களின் கதி என்ன?

அதற்கு விடை தேடித்தான் 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. சென்னையின் நெருக்கமான, ஏழைக் குடியிருப்புகளில் இருந்து வந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள், இன்னொரு பகுதியினர் வீட்டிலேயே இருந்தார்கள். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். யார் எங்கே என்பதை டாக்டரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரிதான் முடிவானது. டாக்டர் கையில் விட்டிருந்தால், நோய் முற்றியவர்களை இரக்கப்பட்டு சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். அப்புறம் எது நல்லது என்று ஒப்பிடவே முடியாது.

1959-இல் முடிவு வெளியானது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் ஒற்றை அறை வீட்டில் இருந்தும், சானடோரியத்தின் ஓய்வும் நல்ல சாப்பாடும் இல்லாமலும், ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தினரை ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளி சானடோரியத்துக்குப் போன குடும்பங்களைவிட, நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில் நோய் அதிகம் வரவில்லை. தொற்று பெரும்பாலும் மாத்திரை தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. உங்கள் கணவர் இருமிய அந்த இரண்டு மாதம்தான் ஆபத்தான காலம். இப்போது மலைக்கு அனுப்பி அதை மாற்ற முடியாது.

உலகம் முழுவதும் காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்று மாறியதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அதில் சேர்ந்தவர்களும் உங்களைப் போன்ற குடும்பங்கள்தான். அவர்கள் சம்மதித்திருக்காவிட்டால், உங்களுக்கு இன்று இவ்வளவு உறுதியாக "வேண்டாம்" என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இருந்திருக்காது.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாத்திரை தீர்ந்தால், வாந்தி வந்தால், கண் மஞ்சளானால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். "நாளைக்குப் போகலாம்" என்று தள்ளிப்போட்டு மாத்திரையை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி விட்டுவிட்டுத் திரும்பி வந்த ஒருவருக்குப் பழைய மருந்து வேலை செய்யாமல் போய், வைத்தியம் பல மாதம் நீண்டது. அந்தக் குடும்பம் பட்ட பாடு இன்னும் என் மனதில் இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது துண்டால் வாயை மூடச் சொல்லுங்கள். முதல் சில வாரம் பிள்ளைகள் அவர் பக்கத்தில் படுக்க வேண்டாம். தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் தேவையில்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்படாதீர்கள், அது மாத்திரையின் நிறம். இரண்டு மாதத்தில் உடம்பு தேறி மறுபடி தறிக்குப் போகலாம் போலத் தோன்றும். போகட்டும், ஆனால் மாத்திரையை மட்டும் விடக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை ஆய்வுக்குப் பிறகு, "மாத்திரைதான் முக்கியம், சாப்பாடு இரண்டாம்பட்சம்" என்றே நாங்கள் நினைத்துவிட்டோம். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன். 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகளின் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மாதம் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வந்தது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. வெறும் அரிசியும் பருப்பும்! ஆகவே கணவருக்கு மட்டும் முட்டை கொடுத்துவிட்டு நீங்களும் பிள்ளைகளும் ரசம் சோறோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சிகிச்சை முடியும்வரை நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் அரசு மாதம் 1000 ரூபாய் தருகிறது. அவர் பெயரும் வங்கிக் கணக்கும் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

சரி, படிவத்துக்கு வருவோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அதனால் கையெழுத்துப் போடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், போடாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஆராய்ச்சி என்றாலே புது மருந்து என்று அர்த்தமில்லை. மாதாமாதம் எடை பார்ப்பது, கொஞ்சம் ரத்தமும் சளியும் எடுப்பது, சில கேள்விகள் கேட்பது என்பதோடு முடிகிற ஆய்வுகள் நிறைய. அதனால் முதலில் கேட்க வேண்டியது, "இவர் இப்போது சாப்பிடும் மாத்திரையில் ஏதாவது மாறுமா?" என்பதுதான். மாறும் என்றால், எது மாறும், ஏன், இதற்கு முன் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். உடம்புக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். மருந்துப் பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-இல் வந்த விதிகள் சொல்கின்றன.

தகவல் தாள் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க, முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும். அங்கேயே உடனே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. "வீட்டில் பேசிவிட்டு வருகிறோம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சேர்ந்த பிறகு பாதியில் விலகலாம். சேராவிட்டாலும், விலகினாலும் வழக்கமான சிகிச்சையில் ஒரு மாத்திரைகூடக் குறையக் கூடாது. எந்த ஆய்வையும் முதலில் ஒரு நெறிமுறைக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். டாக்டர் அல்லாத பொதுமக்களில் ஒருவரும் அதில் இருப்பார். அந்தக் குழுவின் தொடர்பு எண் தகவல் தாளிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார்கள் என்றால் அது நல்ல அடையாளம். என் வீட்டில் ஒருவருக்கு இந்த நிலை வந்து, பதில்களும் திருப்தியாக இருந்தால், நான் சேரச் சொல்வேன்.

இதையெல்லாம்விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. நீங்களும் பிள்ளைகளும் இன்னும் பரிசோதனை செய்துகொண்டதாகக் கடிதத்தில் இல்லை. நான்கு வயதுக் குழந்தைக்குக் காசநோய் வந்தால் மூளைவரை பரவலாம். யாருக்கும் நோய் இல்லை என்று உறுதியானால், வராமல் தடுக்கும் மாத்திரை தருவார்கள். அடுத்த முறை கணவரின் மாத்திரை வாங்கப் போகும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.